குட்டியின் கொம்பைத் திருப்பி வைத்தவன்

என் சின்னம்மாவுக்கு ஒரு மகன். எனக்கு ஏழு மாதம் இளையவன், தம்பி முறை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். வீட்டிலும் வேலையிலும் அவனுக்கு ‘அகராதி’ என்றுதான் பெயர். படித்தவன் என்பதால் வந்த பெயர் அல்ல. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் அவன். எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும்.

எங்கள் வம்சத்தில் கஞ்சன் உண்டு, சோம்பேறி உண்டு, கல்யாணத்துக்கு முதல் நாள் ஓடிப்போன மாப்பிள்ளையும் உண்டு. அவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். கஞ்சனுக்குத் தான் கஞ்சன் என்று தெரியும். சோம்பேறி தன் சோம்பலை ஒப்புக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வான். ஓடிப்போனவன்கூடப் பத்து வருஷம் கழித்து வந்து, “தப்புப் பண்ணிட்டேன்” என்று வாசலில் நின்றான். அகராதி இன்றுவரை ஒரு தப்புக்கூடப் பண்ணியதில்லை. அவனே சொல்கிறான், நம்பத்தானே வேண்டும்?

தெரியாத தெருவுக்கு வழி கேட்டவனை அவன் ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஒரு தடவை புதிதாக வந்த தபால்காரரையே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டான்; அந்த மனிதர் பொழுது சாயத்தான் திரும்பினார். மனைவிக்குப் பிரசவமான அன்று, குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, தொட்டிலைத் தப்பாக நிறுத்தியிருப்பதாகச் செவிலியிடம் சண்டைக்குப் போனான். அவன் அப்பா, அதாவது என் சித்தப்பா, சாகக் கிடந்தபோது, நாடி பிடித்த டாக்டரிடம், “அந்தக் கை இல்ல சார், இந்தக் கை” என்றான். டாக்டர் நல்ல மனிதர், இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார். சித்தப்பா அந்த வேதனையிலும் கண்ணைத் திறந்து, “இவனை வெளிய அனுப்புங்க, நான் நிம்மதியாப் போறேன்” என்றார். அதுதான் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது.

‘தெரியாது’ என்பது நாலே எழுத்து. அந்த நாலெழுத்து அவன் வாயில் வந்ததே இல்லை. அவன் மனைவி சொல்லுவாள்: “இந்த மனுஷன் வாயிலேருந்து பல்லு விழும், ‘தெரியாது’ மட்டும் விழாது.”

ஆனால் கை மட்டும் நல்ல கை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மரமானாலும் சுண்ணாம்பானாலும் ஃபைபரானாலும், அவன் ஒட்டிய இடத்தில் ஒட்டு தெரியாது. கைக்குக் கொடுத்ததில் கால்வாசியைத் தலைக்கும் கொடுத்திருக்கலாம் ஆண்டவன்.

நான் வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த அருங்காட்சியகத்தில்தான் அவனும் தச்சனாகச் சேர்ந்தான். இருபது வருஷத்தில், முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போகப் போக, பின்வாசல் பக்கத்துப் பட்டறைக்கு அவனே தலைவனாகிவிட்டான். திறமையால் வந்தது பாதி, வயதால் வந்தது பாதி. முழுவதும் அறிவால் வந்தது என்பது அவன் கணக்கு.

அந்தக் கட்டடத்தில் பெரிய கூடம் ஒன்று உண்டு. அதன் நடுவில்தான் ‘மூணு கொம்பு’ நிற்கிறது. டைனோசர்களில் கொம்பு வைத்த ராட்சதன். அசல் எலும்பு இல்லை, அசலிலிருந்து வார்த்து எடுத்த நகல். மூக்கு முதல் வால் நுனி வரை நான் அடி வைத்து அளந்திருக்கிறேன். ஒரு பேருந்தை நிறுத்தலாம். தலை மட்டுமே ஒரு ஆள் நீட்டிப் படுத்தாலும் மிச்சமிருக்கும். கண்ணுக்கு மேலே இரண்டு நீளக் கொம்பு, மூக்கின் மேல் ஒரு குட்டைக் கொம்பு, கழுத்துக்குப் பின்னால் முறத்தை நிறுத்தி வைத்தது போல அகலமான எலும்புத் தகடு, வாயில் கிளி மூக்கு. உள்ளே நூற்றுக்கணக்கில் பல். ஒன்று தேய்ந்தால் அடியிலிருந்து இன்னொன்று ஏறி வரும். இவ்வளவும் தழை தின்பதற்கு.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது எலும்பம்மா. எலும்புகளைப் படித்துப் பட்டம் வாங்கியவர். கட்டடத்தில் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் அது, அவருக்கும் தெரியும். கூட்டம் கூட்டமாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லுவதை வாசலில் நின்றபடி ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அந்தத் தகட்டில் ஆறிப்போன காயங்கள் இருக்கின்றன. இந்த மிருகங்கள் தங்களுக்குள்ளேயே கொம்பைப் பின்னிச் சண்டை போட்டிருக்க வேண்டும் என்பார். இன்னொரு நாட்டில் கிடைத்த மண்டையில் கொம்பைப் பெரிய வேட்டை மிருகம் ஒன்று கடித்து ஒடித்திருக்கிறது, ஒடிந்த இடம் பிறகு ஆறியிருக்கிறது. ஆக அது பிழைத்துக்கொண்டது என்பார். கேட்க நன்றாக இருக்கும்.

எலும்பம்மா இல்லாத நேரம் பார்த்து அகராதி பட்டறையிலிருந்து வந்துவிடுவான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கேட்காதவர்களுக்கெல்லாம் விளக்குவான். “அந்தத் தகடு எதுக்குத் தெரியுமா? மழைக்கு. குடை மாதிரி. அந்தக் காலத்து மனுஷன் இதைத்தான் வேட்டையாடிச் சாப்பிட்டான்.”

ஒருநாள் எலும்பம்மா பின்னாலேயே நின்றிருந்தார்.

“அண்ணே, இது செத்து ஒழிஞ்சு ஆறு கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்ப மனுஷன் ஏது?”

“நீங்க பாத்தீங்களா மேடம்?”

“நீங்க பாத்தீங்களா?”

பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அகராதி விடுவானா? “சரி, இது என்ன நிறம்? அதைச் சொல்லுங்க.”

“தெரியாது” என்றார் எலும்பம்மா. “தோல் பதிஞ்ச கல்லு கொஞ்சம் கிடைச்சிருக்கு. பெரிய பெரிய செதில் இருந்தது தெரியும். நிறம் தெரியாது.”

அன்று முழுக்க அவனுக்கு அதுவே பேச்சு. “படிச்சு என்ன புண்ணியம் அண்ணே? நிறம் கேட்டா தெரியாதுங்குது. நான்னா சொல்லியிருப்பேன்.”

“என்னன்னுடா?”

“சாம்பல்.”

அந்தப் பட்டறையில் அவனுக்குக் கீழே வேலை பார்த்தவள் அவன் தங்கை மகள். ஒல்லிப் பெண், அதனால் குருவி. அப்பா இல்லை. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, சுவரைத் தடவித்தான் நடமாட்டம். குருவி தற்காலிக வேலையில் சேர்ந்து நாலு வருஷம் முடியப்போகிறது. அந்த இடத்துச் சட்டப்படி நாலு வருஷம் முடிந்தால் நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மேலாளர் அவளைக் கூப்பிட்டுத் தெளிவாகவே சொல்லியிருந்தார்: “வெளிநாட்டுல இருந்து ஒரு தலை வருது. அதை நீ ஒழுங்கா நிறுத்திக் காட்டு. அதோட திறப்பு விழா அன்னிக்கே உத்தரவு கையில தர்றேன். அதுல ஏதாவது கோளாறுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

அந்தத் தலைதான் வந்தது. மூணு கொம்பின் குட்டி. வைக்கோல் அடைத்த மரப்பெட்டி, உள்ளே நாலு துண்டாக ஃபைபர் வார்ப்பு, ஒரு குழாயில் சுருட்டி வைத்த வரைபடம். மேலாளர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். குருவி வரைபடத்தை மேசையில் விரித்து நாலு மூலையிலும் நாலு டப்பாவை வைத்தாள்.

“மாமா, நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க.”

“படம் பாத்து வேலை செய்யறவன் தச்சனா? அது தெரியாதவங்களுக்கு அனுப்புறது” என்றான் அகராதி. டீ குடித்த குவளையை அந்தப் படத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனான்.

பன்னிரண்டு நாள் அவள் தனியாகவே செய்தாள். அளந்தாள், துளைத்தாள், உள்ளே கம்பி கொடுத்தாள், இடுக்குகளில் பட்டிப் பசை அப்பித் தேய்த்தாள். பசு மாட்டுத் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, அழகாக எழுந்து நின்றது. கண்ணுக்கு மேலே இரண்டு கொம்பு, சுண்டு விரலை மடக்கினது போலப் பின்பக்கமாக வளைந்து. எலும்பம்மா வந்து பார்ப்பதற்கு இன்னும் மூன்று நாள். அதற்கு நடுவில் ஒரு நாள் அம்மாவுக்குக் கண் அறுவை. குருவி லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அந்த ஒரு நாள் போதாதா அவனுக்கு?

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் பட்டறைக்குப் போனேன். அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். உள்ளே நுழையும்போதே ரம்பம் இழுக்கும் சத்தம். பார்த்தால் ஒரு கொம்பு மேசையில் கிடக்கிறது, இன்னொன்று பாதி அறுபட்டுத் தொங்குகிறது. தரையெல்லாம் வெள்ளைத் தூள்.

“என்னடா பண்றே?”

“இந்தக் கூத்தைப் பாருங்க அண்ணே. கொம்பைப் பின்னால திருப்பி வெச்சிருக்கா. எந்த மாட்டுக்காவது முதுகைப் பாத்துக் கொம்பு இருக்கா? கூடத்துல அத்தாம் பெரிசு நிக்குது, அதோட கொம்பு எந்தப் பக்கம் பாக்குது? முன்னால. கண்ணு தெரியாதது இவ அம்மாவா, இவளா?”

“வரைபடத்துல எப்படி இருக்கு?”

“வரைஞ்சவன் தப்பா வரைஞ்சா நாமளும் தப்பாவே வைக்கணுமா?”

“அந்தப் பிள்ளை வரட்டும்டா. ஒரு வார்த்தை கேட்டுக்கோ.”

“கேக்குறதா? நானா? அவளையா?”

அதற்கு மேல் அவனிடம் பேசுவது செவிடன் காதில் சங்கு ஊதுகிற கதை. எழுந்துபோய் மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொந்தக்காரனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று என் சோற்றைத் தின்றேன். அந்தச் சோற்றை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

சாயங்காலத்துக்குள் இரண்டு கொம்பையும் அரைவட்டம் திருப்பி, முன்னால் பார்க்கிறபடி ஒட்டிவிட்டான். அடிப்பாகம் பொருந்தாத இடத்தில் பட்டி கொடுத்து, தேய்த்து, வர்ணமும் அடித்தான். சொன்னேனே, நல்ல கை. அறுத்த தடமே தெரியவில்லை.

மறுநாள் காலையில் குருவி வந்தாள். வாசலில் என்னிடம், “கண்ணு கட்டு நாளைக்குப் பிரிப்பாங்க மாமா” என்று சிரித்துவிட்டுப் போனவள், இரண்டு நிமிஷத்தில் பட்டறையில் சத்தம் போட்டாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“மாமா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“உன் தப்பைத் திருத்தி வெச்சிருக்கேன். நன்றி சொல்லு.”

“தப்பா? படத்தைப் பாருங்க! குட்டிக்குப் பின்னாலதான் வளையும்! ரம்பத்தைக் குடுங்க. நான் இன்னிக்கே மாத்திடுறேன்.”

“குடுக்க மாட்டேன். இந்தப் பட்டறைக்குத் தலைவன் யாரு, நீயா நானா?”

ரம்பத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டான். அவள் என்னிடம் வந்தாள். மேலாளரிடம் போய்ச் சொல்லு என்றேன். நீங்களும் வர்றீங்களா என்றாள். மேலாளர் அன்று வெளியூர்; நாளைக்கு அவர் வந்ததும் வருகிறேன் என்றேன். ஆனால் அன்று சாயங்காலமே அகராதி ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்த தங்கையிடம் முந்திக்கொண்டுவிட்டான். உன் மகள் என்மேல் பிராது கொடுக்கப் பார்க்கிறாள் என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறான். அவளோ மகள் குருவியின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்து, “மாமாவைக் காட்டிக் குடுக்க மாட்டேன்னு சொல்லுடி. நமக்குன்னு இருக்கிறது அவரு ஒருத்தர்தான்” என்று வாக்கு வாங்கிவிட்டாள். என்னையும் பேச வேண்டாம் என்று குருவி மறுநாள் கேட்டுக்கொண்டாள்.

இருக்கிறது ஒருத்தன்! அவன் இல்லாமலே இருந்திருக்கலாம்.

பார்வையிடும் நாள் வந்தது. மேலாளர், எலும்பம்மா, குருவி, அகராதி. கதவைத் திறந்துவிட்ட நானும் ஓரமாக நின்றேன். போர்த்தியிருந்த துணியைக் குருவிதான் எடுத்தாள். எடுக்கும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை.

எலும்பம்மா சுற்றி வந்தார். கொம்பைத் தொட்டார். இன்னொரு தடவை சுற்றினார்.

“யார் செஞ்சது இது?”

அகராதி இமைக்கவில்லை. “தற்காலிக ஆளோட வேலை மேடம். நான் கூடத்துல மேடை அடிச்சுட்டு இருந்தேன்.”

தாய்மாமன் சொல்லுகிற வார்த்தை! பக்கத்தில் நிற்கிறது தன் தங்கை பெற்ற பிள்ளை. நாலு வருஷம் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்த பிள்ளை.

மேலாளர் குருவியைப் பார்த்தார். “என்னம்மா?”

“நான் படத்துல இருக்கிறபடிதான் வெச்சேன் சார். இது நான் வெச்சது இல்ல.”

“அப்ப யாரு வெச்சது?”

அவள் வாயை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தது அவள். நான் வெறுமனே தலையாட்டியவன்தானே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது எனக்கு. அதற்குள் எலும்பம்மா பேச ஆரம்பித்தார். கோபத்தில்கூட அவருக்குப் பாடம்தான் வரும்.

“இந்த மிருகத்தோட சின்னக் குட்டியில இருந்து பெரிசு வரைக்கும் மண்டையை வரிசையா வெச்சுப் பாத்திருக்காங்க. குட்டிக்குக் கொம்பு முதல்ல வெறும் மொட்டு. கொஞ்சம் வளர்ந்ததும் பின்னால வளையும். இன்னும் வளர வளரத்தான் முன்னால திரும்பும். வயசுக்கு வயசு முகமே மாறுது. அதைக் காட்டத்தான் இந்தத் தலையை நான் ரெண்டு வருஷம் கடிதம் எழுதி வரவழைச்சேன். கொம்பை முன்னால திருப்பிட்டா இது சும்மா ஒரு பொம்மை. கொஞ்சம்கூட யோசிக்காம பண்ணியிருக்காங்க.”

“நாலு வருஷம் இங்க இருந்து இதுகூடவாம்மா தெரியல?” என்று மேலாளர் குருவியிடம் கேட்டார். அவர் கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டார். அதற்குள்ளேதான் அவளுடைய உத்தரவு இருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“யோசிக்காமலா?” என்றான் அகராதி.

எல்லோரும் திரும்பினோம்.

“இல்ல மேடம், தெரியாமத்தான் கேக்குறேன்.” அவனா தெரியாமல் கேட்கிறவன்? “பின்னால வளைஞ்ச கொம்பை வெச்சுக்கிட்டு அது எப்படி முட்டும்? முதுகு சொறியவா? ஒரு ராத்திரி முழுக்கப் படுக்காம யோசிச்சுத்தான் அறுத்தேன். யோசிக்காமப் பண்ணினதாம்ல!”

“நீங்களா அறுத்தீங்க?” என்றார் மேலாளர்.

“பின்ன? இந்தப் பொண்ணு கைக்கு இப்படி ஒரு ஒட்டு வருமா சார்? தடவிப் பாருங்க. எங்க அறுத்தேன், எங்க ஒட்டினேன்னு சொல்லுங்க பாப்போம்!”

மேலாளர் உண்மையிலேயே தடவிப் பார்த்தார், பாவம். குருவி தலையை நிமிர்த்தினாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. தெருவில் கிடக்கும் அசிங்கத்தைப் பார்த்துக் காலை ஒதுக்கி வைக்கிறவளைப் போல மாமனைப் பார்த்தாள்.

எலும்பம்மா சாந்தமாகத்தான் சொன்னார். “அண்ணே, ரொம்ப நாள் முன்னால இந்த மிருகத்தோட கொம்பு ரெண்டு மட்டும் முதல்ல கிடைச்சது. பெரிய விஞ்ஞானி ஒருத்தர் பாத்துட்டு, இது ராட்சதக் காட்டெருமைன்னு எழுதிட்டார். அப்புறம் முழு மண்டை கிடைச்சது. நான் எழுதினது தப்புன்னு மாத்திக்கிட்டார். அதுல கௌரவம் ஒண்ணும் குறையல.”

“பாத்தீங்களா சார்!” என்று அகராதி மேலாளர் பக்கம் திரும்பினான். “படிச்சவனே தப்புப் பண்ணியிருக்கான்!”

மேலாளர் சாவிக்காகக் கையை நீட்டினார். அலமாரிச் சாவியும் பட்டறைச் சாவியும் அன்றே கை மாறின.

திறப்புக்கு நாலு நாள் இருந்தது. குருவி இரண்டு கொம்பையும் மறுபடி அறுத்தாள். இரண்டு தடவை ரம்பம் போனதில் அரை விரல் அளவு காணாமல் போயிருந்தது. எலும்பம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வரைபடத்திலிருந்து அளவு சொல்லச் சொல்ல, அந்த அரை விரலை அவள் பட்டியால் வளர்த்து ஏற்றினாள். ஒட்டு கொஞ்சம் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் இடப்பக்கக் கொம்பின் அடியில் ஒரு கோடு. இருக்கட்டும் என்றார் எலும்பம்மா. சொன்னபடி திறப்பு அன்று மேலாளர் உத்தரவைக் கையில் கொடுத்தார்.

அகராதியை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. பார்க்க வருகிறவர்களின் பைகளை வாங்கி வைத்துவிட்டு எண் வில்லை கொடுக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். எனக்குப் பக்கத்திலேயே, என் தலையெழுத்து. உட்கார்ந்த முதல் நாளே பை அடுக்குகிற முறை தப்பு என்று எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினான். அன்றைக்கு ஒருத்தர் குடையை எடுத்துக்கொண்டு இன்னொருத்தர் போனார்.

அதோடு விட்டானா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனான். கண் எப்படியிருக்கிறது என்று பார்க்க நானும் அங்கே இருந்தேன். கட்டுப் பிரித்த கண்ணால் மகளின் உத்தரவை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள் குருவியின் அம்மா. உள்ளே வந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டு, அடுப்படியில் நின்ற குருவியைப் பார்த்தான்.

“என்னம்மா, வேலை நிரந்தரமாச்சா? யாரால ஆச்சு? அன்னிக்கு மட்டும் நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா உனக்கு இந்தக் காகிதம் கிடைச்சிருக்குமா? எனக்குப் போனாலும் பரவாயில்ல, பிள்ளைக்குக் கிடைக்கட்டும்னுதான் உண்மையைச் சொன்னேன்.”

அவன் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மாமா உனக்காகத்தானேடி பதவியை விட்டாரு. ஒரு வார்த்தை சொல்லேன்.”

எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் மறுபடி காலடி வைக்க முடியாது. குருவி அடுப்பருகிலிருந்து டீயைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

“ஆமா மாமா. உங்க வாய் இல்லைன்னா கிடைச்சே இருக்காது.”

“கேட்டீங்களா அண்ணே!” என்று என்னைப் பார்த்தான் அகராதி. “பிள்ளைக்கே தெரியுது.”

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை எப்போது போட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான்.